பதினாறு லிட்டர்

பூவிருந்தவல்லியிலிருந்து திருமழிசை, வெள்ளவேடு வழியாகத் திருவள்ளூர் போகும் சாலையில் கார்த்திகை மாதம் போனால் இருபுறமும் பச்சை. அதில் வயல் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் மனை. எல்லைக் கல் நட்டு, தார் போட்டு, விளக்குக் கம்பம்கூட நிறுத்திவிட்டு, வீடு மட்டும் கட்டாமல் விட்ட மனைகள். ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி பக்கமும் இதே காட்சிதான். வெளிவட்டச் சாலை வந்த பிறகு அதன் ஓரங்களிலும் இது நீண்டிருக்கிறது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டிவிடும். அந்த மழையில் முழங்காலுக்கு மேல் எழுந்த புல், தை பிறந்ததும் பழுக்கத் தொடங்கும். மாசியில் மஞ்சள், பங்குனியில் சருகு.

உழுத நிலத்தில் இந்தப் புல் இருக்காது. மாடு மேய்ந்த நிலத்தில் கணுக்காலைத் தாண்டாது. உழவு போய், மாடும் போய், வீடு இன்னும் வராத இடைக்காலத்தில்தான் ஏக்கர் கணக்கில் எரிபொருள் சேர்கிறது. ஒரு பீடித் துண்டு, குப்பையில் வைத்த நெருப்பு, காற்றில் உரசிக்கொண்ட இரண்டு மின்கம்பிகள், எதுவும் போதும்.

காட்டுத்தீ என்றால் நமக்கு வேறு இடங்கள் நினைவுக்கு வருகின்றன. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைச் சூழ்ந்து 23 உயிர்களைக் கொண்டுபோன தீ. 2024 மார்ச்சில் குன்னூர் வனப்பகுதியில் பற்றி, விமானப்படை ஹெலிகாப்டர் ராட்சத வாளியில் தண்ணீர் மொண்டு மொண்டு மொத்தம் 16,000 லிட்டர் ஊற்ற வேண்டிவந்த தீ. ஆவடிக்கு அப்பால் ஒரு காலி மனையில் புல் எரிந்தால் அது செய்தி ஆவதில்லை. ஆனால் புல்லை எரிக்கும் வேதியியலும், அதை ஓட்டும் காற்றின் இயற்பியலும், அதை நிறுத்தத் தேவையான தண்ணீர்க் கணக்கும் மலைக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று என்று மாறுவதில்லை. மாறுவது நம் கையில் இருக்கும் கருவி. இங்கே கிராமத்து வீடுகள் பலவற்றில், ஏதோ ஒரு மூலையில், நெல்லுக்கு மருந்தடிக்கும் முதுகுத் தெளிப்பான் தொங்குகிறது. அதன் கொள்ளளவு வழக்கமாக 16 லிட்டர். இதை வைத்து என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது?

முதலில் கணக்கு. 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகச் சுமார் 290 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கொதிக்கும் தண்ணீர் முழுவதையும் ஆவியாக்க மேலும் 2,257 கிலோஜூல். இந்த இரண்டாவது எண்ணில்தான் தண்ணீரின் பலம் இருக்கிறது. சூடாகும்போது அது வாங்கிக்கொள்ளும் வெப்பத்தைப்போல ஏழெட்டு மடங்கை ஆவியாகும்போது வாங்கிக்கொள்கிறது. இரண்டையும் கூட்டினால் லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை மெகாஜூல். நம் தெளிப்பானில் இருக்கும் 16 லிட்டர், ஒரு சொட்டுக்கூட வீணாகாமல் ஆவியானால், 41 மெகாஜூல் வெப்பத்தை விழுங்கும்.

காய்ந்த புல் ஒரு கிலோ எரிந்தால் வெளிவருவது சுமார் 18 மெகாஜூல். ஆக, முதுகை ஒடிக்கும் ஒரு முழுத் தெளிப்பான் தண்ணீர் ஈடுகட்டுவது இரண்டேகால் கிலோ புல்லை! சதுர மீட்டருக்கு 300 கிராம் புல் நிற்கும் மனையில் அது எட்டு சதுர மீட்டருக்குக்கூட எட்டாது, ஒரு சின்ன அறையின் தரை அளவுதான். அதுவும் ஒரு சொட்டுகூடச் சிதறாத கற்பனை உலகத்தில். நடைமுறையில் தண்ணீரில் பெரும்பகுதி மண்ணில் இறங்கும், கொஞ்சம் காற்றில் போகும்.

இந்த எண்ணைப் பார்த்துத் தெளிப்பானைத் தூக்கிப் போட்டுவிடத் தோன்றும். ஆனால் தவறு கேள்வியில் இருக்கிறது. எரிகிற புல்லின் வெப்பத்தையெல்லாம் தண்ணீரால் தீர்க்க வேண்டும் என்று யார் சொன்னது? தீ தானாக நகர்வதில்லை. எரியும் புல் பக்கத்துப் புல்லைச் சூடாக்கி, அதிலிருந்து எரியக்கூடிய வாயுவை வெளியேற்ற வேண்டும். அந்த வாயு பற்றினால்தான் அடுத்த அடி. பக்கத்துப் புல்லில் ஈரம் இருந்தால், வந்துசேரும் வெப்பம் முதலில் அந்த ஈரத்தை விரட்டுவதில் செலவாகிவிடும். காய்ந்த புல்லில் இருக்கும் ஈரம் அதன் எடையில் 20 முதல் 25 சதவீதத்தைத் தாண்டினால் தீ பரவுவது ஏறக்குறைய நின்றுவிடும். கடலோர ஊரான நமக்கு இது கண்ணால் கண்ட விஷயம். விடியற்காலையில் பனி ஏறிய புல்லில் தீக்குச்சி வைத்தாலும் புகைந்து அடங்கும். அதே புல் நடுப்பகலில் ஆறேழு சதவீத ஈரத்துக்கு இறங்கி, சரசரவென்று ஓடும்.

ஆறு சதவீத ஈரத்தை 30 சதவீதமாக்க என்ன செலவு? சதுர மீட்டருக்கு 300 கிராம் புல் என்றால் 72 மில்லிலிட்டர், அரை டம்ளர்கூட இல்லை. சிதறல், மண்ணுக்குப் போவது எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தாராளமாக அரை லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 16 லிட்டரில் 32 சதுர மீட்டர் நனையும். ஒன்றரை மீட்டர் அகலத்தில் பட்டையாக அடித்தால் 21 மீட்டர் நீளம். ஒரு மாட்டுக் கொட்டகையின் காற்று வரும் பக்கத்துக்கும், அதை ஒட்டிய வைக்கோல் போருக்கும் சேர்த்து அது காணும். எரிவதன்மேல் ஊற்றினால் எட்டு சதுர மீட்டர், எரியாததன்மேல் தெளித்தால் 32. மேற்குப் புறநகரில் புல் தீயோடு பழகியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் தீக்கு முன்னால் ஓடிப்போய்க் கொட்டகையை நனைப்பவரையும், தீயின் நடுவில் குடத்தைக் கவிழ்ப்பவரையும் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அரை லிட்டர் தண்ணீரை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் அதன் கனம் அரை மில்லிமீட்டர்தான். சித்திரை வெயிலில் ஒரு நாளில் ஆறேழு மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகிவிடும், அதிலும் பெரும்பகுதி பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நனைத்த பட்டை பழையபடி சருகாகிவிடும். காலையிலேயே தோட்டத்தைச் சுற்றித் தண்ணீர் அடித்துவைத்து நிம்மதியாகச் சாப்பிடப் போகிறவரைத் தீ ஏமாற்றும். புகை தெரிந்த பிறகு, தீ வந்து சேர்வதற்குச் சற்று முன்னால் நனைக்க வேண்டும். சதுர மீட்டருக்கு எத்தனை லிட்டர் என்ற கேள்வியைவிட எத்தனை மணிக்கு என்ற கேள்வி பெரிது.

அப்படியானால் தீ எப்போது வந்து சேரும்? அமெரிக்கரான பைராம் 1959இல் எழுதிவைத்த எளிய பெருக்கல் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது: எரிபொருளின் எடை, அதன் வெப்பம், தீ நகரும் வேகம், மூன்றையும் பெருக்கினால் தீமுகப்பின் ஒவ்வொரு மீட்டரிலிருந்தும் வெளிவரும் ஆற்றல் கிடைக்கும். நம் மனையில் காற்றில்லாத நேரத்தில் தீ விநாடிக்குப் பத்து சென்டிமீட்டர் நகர்கிறது என்றால் மீட்டருக்கு 540 கிலோவாட். சுவாலை நீளம் சுமார் 1.4 மீட்டர். காற்று மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் அடித்து, நன்றாகக் காய்ந்த புல்லில் தீ அதில் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தைப் பிடித்தால், அதே மனையில் மீட்டருக்கு 4,000 கிலோவாட்டைத் தாண்டும். சுவாலை மூன்றரை மீட்டர், இரண்டு ஆள் உயரம். புல் அதே புல்தான், மாறியது வேகம் மட்டும்.

கைக்கருவியோடு தீயின் முகத்தை எதிர்கொள்ள முடிகிற எல்லை 350 கிலோவாட் அளவில் முடிந்துவிடுகிறது என்று காட்டுத்தீ வீரர்களின் கையேடுகள் வகுத்திருக்கின்றன. அதாவது சுவாலை நம் நெஞ்சளவைத் தாண்டிவிட்டால் முன்னால் நிற்கக் கூடாது. இன்ஜினும் குழாயும் உள்ள வண்டிக்கு எல்லை 1,700 கிலோவாட்டை ஒட்டி. எனவே காற்றடிக்கும் பிற்பகலில் தெளிப்பானோடு தீக்கு எதிரே போய் நிற்பது வீரமல்ல, கணக்குத் தெரியாமை. தீயின் வால் பக்கத்தில், ஏற்கெனவே கருகிய தரையில் கால் வைத்து, ஓரத்தை அணைத்துக்கொண்டே முன்னேறுவதுதான் தெளிப்பானுக்கு உரிய வேலை. கருகிய இடத்தில் இரண்டாம் முறை எரிய எதுவும் இல்லை. காற்று திரும்பினாலும் பின்வாங்க அந்த இடம் இருக்கும்.

காற்று திரும்புவது இங்கே ஒரு தற்செயல் அல்ல, கிட்டத்தட்ட தினசரி நிகழ்ச்சி. வைகாசியில் காலையிலிருந்தே மேற்கிலிருந்து தரைக்காற்று அடிக்கும், உலர்ந்து, சுட்டு. மெரினாவில் நண்பகலை ஒட்டி வரும் கடற்காற்று, கடலிலிருந்து 20 கி.மீ. உள்ளே இருக்கும் ஆவடிக்கு வந்துசேரப் பிற்பகலாகும். மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடற்காற்று மூன்று மணிக்கு வரும், அல்லது வராமலே போகும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது அப்படிப்பட்ட மேற்குக் காற்றுப் பருவத்தில்தான்.

இப்போது ஒரு தீயை இந்தக் காற்றில் வைத்துப் பாருங்கள். பகல் ஒரு மணிக்கு மேற்குக் காற்றில் பற்றிய தீ கிழக்கே ஓடுகிறது. இரண்டு மணிக்குள் 200 மீட்டர் நீளத்தில், இருபது முப்பது மீட்டர் அகலத்தில் ஒரு கருப்புப் பட்டை. அதன் கிழக்கு முனை மட்டும் ஆபத்தானது. வடக்கு, தெற்கு ஓரங்கள் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும், யாரும் கவலைப்படுவதில்லை. இந்த நேரத்தில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வந்து தொட்டால், 20 மீட்டர் அகலத் தீமுகப்பு ஓய்ந்துவிடும். அதற்குப் பதிலாக வடக்கு ஓரம் முழுவதும், 200 மீட்டரும், ஒரே நேரத்தில் முகப்பாகி வடமேற்கே பாயும். கிழக்கே இருந்த கொட்டகையைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தவர்கள் வடக்கே இருக்கும் கொட்டகையை மறந்திருப்பார்கள். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும் அப்பாடா என்று நாம் மூச்சு விடும் அந்த நிமிடம்தான் புல் தீயில் ஆகக் கெட்ட நிமிடம். ஆகவே கோடையில் வேலை தொடங்கும்போதே வடக்கு ஓரத்தை முதலில் அணைத்துவிட வேண்டும், அது தூங்கிக்கொண்டிருக்கும்போதே.

தெளிப்பானிடம் திரும்புவோம். பேட்டரியில் ஓடும் வகை நிமிடத்துக்குச் சுமார் மூன்று லிட்டர் விடும், ஐந்து நிமிடத்தில் காலி. பெட்ரோலில் ஓடும் தைவான் ஸ்பிரேயர் இன்னும் வேகமாகத் தீர்க்கும். தூரம் போகும் பீச்சாக விடலாமா, தூவலாக விடலாமா என்பதற்கு இரண்டு பதில் உண்டு. நுண்துளிக்குப் பரப்பு அதிகம். சுவாலைக்குள் போனதும் ஆவியாகி, ஒரு லிட்டர் தண்ணீர் 1,600 லிட்டருக்கு மேல் நீராவியாக விரிந்து, வெப்பத்தையும் ஆக்ஸிஜனையும் அந்த இடத்திலிருந்து தள்ளிவிடும். ஆனால் திறந்த வெளியில் காற்று அந்தத் துளியைச் சுவாலைக்குப் போகும் முன்பே தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் நனைக்கும்போது தூவல், அணைக்கும்போது சுவாலையின் அடியைப் பார்த்துத் தாழ்வாக நேர்ப் பீச்சு. சுவாலையின் நுனியில் அடிக்கும் தண்ணீர் வேடிக்கைக்கு மட்டும்.

தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் கலந்தால் பலன் கூடும். இது கைமருந்து அல்ல. தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சோப்பு அதைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும். நெல் வைக்கோலுக்கு இது குறிப்பாகப் பொருந்தும். வைக்கோலின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சிலிக்கா, மேலே மெழுகுப் பூச்சு வேறு. வெறும் தண்ணீர் தாமரை இலையில் போல உருண்டு கீழே போய்விடும். சோப்பு கலந்தது ஒட்டிப் படர்ந்து உள்ளே இறங்கும். உலகம் முழுக்கக் காட்டுத்தீ வண்டிகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக நுரைக்கரைசல் கலப்பது இதே காரணத்துக்காகத்தான்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்ல வேண்டும். மருந்தடித்த தெளிப்பானை அலசாமல் தீக்கு எடுத்துப் போகக் கூடாது. பல பூச்சிக்கொல்லிகள் பெட்ரோலியக் கரைப்பானில் கரைத்து வருபவை. அடியில் தங்கிய மிச்சம் தீயில் எரியும், புகையாகி அடிப்பவரின் நுரையீரலுக்கும் போகும். மாசி முதல் ஆடி வரை ஒரு தெளிப்பானைக் கழுவி, நிரப்பி, மூடி, நிழலில் வைத்திருப்பதில் செலவு எதுவும் இல்லை. நிரப்பியது 20 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால் அதை மாட்டிக்கொண்டு ஓடக்கூடியவர் யார் என்பதையும் முன்னாலேயே வீட்டில் பேசிவைத்துக்கொள்வது நல்லது. வீட்டுப் பெரியவர் சும்மா இருக்க மாட்டார் என்பது தெரிந்ததுதான். அவர் கையில் பச்சை வேப்பங்கிளையோ நனைத்த கோணிச் சாக்கோ கொடுத்துக் கருகிய பக்கம் பின்னால் வரச் சொல்லலாம். தெளிப்பான் தாழ்த்திவிட்ட தீயைச் சாக்கு முடித்துவைக்கும். இருவர் சேர்ந்து செய்யும்போது அதே தண்ணீர் இரண்டு மடங்கு தூரம் போகும்.

பதினாறு லிட்டர் தீர்ந்ததும் அடுத்த பதினாறு எங்கிருந்து? மாடியில் கறுப்புத் தொட்டி இருக்கிறதே என்பார்கள். தரைக்குழாயிலிருந்து தொட்டி நீர்மட்டம் நாலு மீட்டர் உயரம் என்றால் அழுத்தம் 0.4 பார்தான். அதில் அரை அங்குல டியூபை 30 மீட்டர் இழுத்தால், உராய்வெல்லாம் போக, கடைசியில் நிமிடத்துக்கு எட்டு லிட்டர் வந்தால் அதிகம். அதே தூரத்துக்கு ஒரு அங்குலக் குழாய் போட்டால் நிமிடத்துக்கு 45 லிட்டர் வரும். குழாயின் விட்டத்தை இரட்டித்தால் தண்ணீர் ஐந்தரை மடங்கைத் தாண்டும். தொட்டியை உயர்த்துவதைவிட குழாயைப் பெரிதாக்குவது மலிவு. அழுத்தம் கூடவில்லை, தூரம் பீச்சாது, ஆனால் வாளியும் தெளிப்பானும் அரை நிமிடத்தில் நிரம்பும். தீயில் அதுதான் தேவை. கடையில் இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை. செடிக்கு ஊற்றும் பச்சை டியூபையே எல்லாவற்றுக்கும் தருகிறார்கள்.

போர்வெல் இருக்கிறதே என்றால், மின்சாரம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கம்பிக்கு அடியில் புல் எரியும்போது மின்வாரிய ஊழியர்கள் முதலில் செய்வது அந்தத் தடத்தை நிறுத்துவது. செய்ய வேண்டியதும் அதுதான், மின்சாரம் ஓடும் கம்பிக்குக் கீழே தண்ணீர் பீச்சக் கூடாது. ஆனால் அதோடு சப்மெர்சிபிள் மோட்டாரும் நின்றுபோகும். அப்போது கைகொடுப்பது பெட்ரோலில் ஓடும் குட்டி இன்ஜின் பம்ப். இரண்டு அங்குல வகை, ஒருவர் தூக்கிவிடலாம். ஏரியிலோ குட்டையிலோ கிணற்றிலோ உறிஞ்சு குழாயைப் போட்டால் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் இறைக்கும்.

ஆனால் எவ்வளவு ஆழத்திலிருந்து? 1638இல் கலிலியோ எழுதிய நூலில், ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் எந்த உறிஞ்சு பம்பும் தண்ணீரை ஏற்றுவதில்லை என்று வேலைக்காரர் ஒருவர் சொன்னதாக ஒரு செய்தி வருகிறது. ஐந்து ஆண்டுக்குப் பிறகு டாரிசெல்லி பாதரசக் குழாயில் காரணத்தைக் காட்டினார். பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. அது காற்றை வெளியேற்றுகிறது, வெளியே உள்ள வளிமண்டலம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. வளிமண்டலத்தால் தள்ள முடிவது 10.3 மீட்டர், அவ்வளவுதான். வெந்நீர்போல் சூடான கோடைத் தண்ணீரும், குழாய் உராய்வும், ஓட்டை வாஷரும் சேர்ந்து அதை ஏழு மீட்டராக்கிவிடும். தை மாதத்தில் இரண்டு ஆள் ஆழத்தில் பளபளத்த கிணற்று நீர் சித்திரையில் எட்டு மீட்டருக்குக் கீழே போயிருந்தால், எவ்வளவு குதிரைசக்தி இருந்தாலும் மேட்டில் வைத்த இன்ஜின் வெறும் காற்றைத்தான் கக்கும். இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி வைப்பது வழியல்ல, அதன் புகையில் மூச்சுமுட்டிச் செத்துப்போவார்கள். பங்குனி பிறக்கும்போது ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டுப் பார்ப்பதும், புட் வால்வில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பதும் இன்ஜின் வாங்குவதைவிட முக்கியமான வேலைகள்.

தண்ணீரைத் தீயின் அருகில் கொண்டுபோவது எப்போதுமே கடினமான பாதியாக இருந்திருக்கிறது. பம்ப் கிறிஸ்துவுக்கு முந்தைய மூன்றாம் நூற்றாண்டிலேயே அலெக்ஸாண்ட்ரியாவில் இருந்தது. வளையும் குழாய் வர 1672 ஆக வேண்டியிருந்தது. ஆம்ஸ்டர்டாமில் நகரக் காட்சிகள் வரைந்துகொண்டிருந்த யான் வான் டெர் ஹைடன் என்ற ஓவியர், சகோதரரோடு சேர்ந்து தோல் குழாயை உருவாக்கினார். அதுவரை தெருவில் நின்று கூரையைப் பார்த்துப் பீச்சிக்கொண்டிருந்தவர்கள் அதன் பிறகு தீயின் அடிக்கே தண்ணீரைக் கொண்டுபோனார்கள். நம் வெளிச்சுற்றுப் புறநகரில் பிரச்சினை இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது. தீயணைப்பு வண்டி வழக்கமாகச் சுமார் 4,500 லிட்டர் கொண்டுவரும். 101க்குச் சொன்னால் கிளம்பிவிடும், தாமதமில்லாமல் சொல்லவும் வேண்டும். ஆனால் மனைப்பிரிவின் இரும்புக் கேட் பூட்டியிருக்கும், சாவி வேறு ஊரில் இருக்கும். பூட்டை உடைத்து உள்ளே வந்தாலும் வரப்பைத் தாண்ட வண்டியால் முடியாது.

தண்ணீர் லாரிக்கும் அதே கதி. பூவிருந்தவல்லி, திருமழிசை பக்கத்துக் கிணறுகளில் நிரப்பிக்கொண்டு நகரத்துக்கு ஓடும் டேங்கர் லாரிகளைப்போல நடமாடும் தண்ணீர் வேறெந்த ஊர்ச் சாலையிலும் இவ்வளவு இருக்குமா என்பது சந்தேகம். ஒரு 12,000 லிட்டர் லாரி, எரிந்துகொண்டிருக்கும் மனையை ஒட்டிய சாலையிலேயே கடந்து போகலாம். அதில் உள்ளது 12 டன் தண்ணீர். மண்ணில் இறங்கினால் அச்சு வரை புதையும், சாலையிலேயே நின்றால் பின் குழாயில் தண்ணீர் கொட்டுமே தவிர பீச்சாது. அதைத் தீயோடு இணைக்க நடுவில் ஒன்று தேவைப்படுகிறது.

அந்த நடு வண்டி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கார் கழுவவும், கொசுமருந்து அடிக்கவும், மேடைக்கு நாற்காலி ஏற்றவும் போகும் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி. அதன் பாரம் முக்கால் டன் அளவு. அதில் 500 லிட்டர் தொட்டி, பெல்ட்டில் ஓடும் எச்.டி.பி. பம்ப், 50 மீட்டர் உயரழுத்தக் குழாய், இரண்டு ஆட்கள், அதற்கு மேல் ஏற்றக் கூடாது. ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்தால் கிளம்பும்போது நன்றாகத்தான் இருக்கும், தளும்பும் தண்ணீர் முதல் திருப்பத்திலேயே வண்டியைச் சாய்த்துவிடும். ஆஸ்திரேலிய விவசாயிகள் தங்கள் சின்ன டிரக்குகளில் கோடைக்காலம் முழுக்க ஏற்றிவைத்திருப்பதும் ஏறக்குறைய இதே அளவு, இதே அமைப்புதான். எச்.டி.பி. பம்பின் அழுத்தம் 20 பாருக்கு மேல், ஆனால் நிமிடத்துக்கு முப்பது லிட்டரை ஒட்டித்தான் செலவழிக்கும். 500 லிட்டர் கால் மணி நேரம் தாங்கும். வயலுக்குள் போகும், லாரியிடம் வந்து நிரப்பிக்கொள்ளும். அரை லிட்டர் கணக்கில் ஒரு நிரப்பலுக்கு ஆயிரம் சதுர மீட்டர், கால் ஏக்கர், நனையும். ஊராட்சியோ மனை உரிமையாளர் சங்கமோ இப்படி ஒன்றைக் கோடை நான்கு மாதத்துக்கு நிறுத்திவைத்தால், அலங்கார வளைவு கட்டுவதைவிடக் குறைந்த செலவுதான்.

ஆஸ்திரேலியாவைச் சொன்னதால் அங்கிருந்து கசப்பான ஒன்றையும் சொல்லிவிடலாம். 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியா மாநிலத்தில் 173 பேர் இறந்தார்கள், பலர் சொந்த வீட்டைக் காக்க நின்றவர்கள். பம்ப் நின்றது, பிளாஸ்டிக் குழாய் உருகியது, மின்சாரம் போனது. வீட்டோடு நின்று காக்க நினைப்பவருக்குக் குறைந்தது 10,000 லிட்டர் தனித் தண்ணீரும் சொந்த பம்பும் வேண்டும் என்கிறது அந்த மாநிலத்தின் கிராமப்புறத் தீயணைப்பு ஆணையம். மோசமான நாட்களில் அதுவும் போதாது, கிளம்பிவிடுங்கள் என்றும் சொல்கிறது. நம் பக்கம் வீடு செங்கல்லும் கான்கிரீட்டும். புல் தீ அதை எரித்துவிடாது, கதவு ஜன்னலைச் சாத்தினால் உள்ளே இருக்கலாம். ஆபத்து கீற்றுக்கூரையில். பறந்துவரும் ஒரு தீப்பொறி போதும். கீற்று எவ்வளவு வேகத்தில் தலைக்கு மேல் சரிந்து விழும் என்பதைக் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைக் கொடுத்து அறிந்துகொண்டோம். எரியும் கீற்றுக்கொட்டகையைத் தெளிப்பானால் அணைக்க முயலக் கூடாது. மாட்டின் கயிற்றை அறுத்துவிட்டு, பக்கத்துக் கொட்டகையை நனைக்கப் போய்விட வேண்டும்.

தண்ணீரைப் பற்றியே இவ்வளவு பேசிவிட்டு இதைச் சொல்வது கொஞ்சம் முரண்தான். மாசிக் கடைசியில் ஒரு டிராக்டர் ரோட்டவேட்டரைப் போட்டுத் தோட்டத்தைச் சுற்றி மூன்று மீட்டர் அகலத்துக்கு உழுதுவிட்டால், மேலே சொன்ன பாதிக் கணக்கு தேவைப்படாது. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் உட்பட நகருக்கு நீர் தரும் ஏரிகள் வற்றி, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் வில்லிவாக்கத்துக்கு வந்து இறங்கியது. புல் ஆகக் காய்ந்திருக்கும் ஆண்டும், குட்டையில் தண்ணீர் இல்லாத ஆண்டும் ஒன்றாகவே வரும். அந்த ஆண்டில் உழுத மண் மட்டுமே ஆவியாகாத தடுப்பு.

சுவாலை அடங்கிய பிறகு தெளிப்பானில் இரண்டு மூன்று லிட்டராவது மிச்சம் வைத்திருக்க வேண்டும். புல் சாம்பலாகிவிடும். ஆனால் காய்ந்த சாணம், சீமைக்கருவேலத்தின் அடிக்கட்டை, ஏரிக்கரையில் மட்கிய கோரை வேர், கொட்டிய குப்பை ஆகியவை உள்ளுக்குள் சுவாலையின்றிக் கனன்றுகொண்டிருக்கும். 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடி குப்பைமேட்டில் பற்றியது நாட்கணக்கில் புகைந்தது. மேலே எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் தனக்கென்று ஒரு ஓடை பிடித்து இறங்கிவிடும், கனல் பக்கத்திலேயே உலர்ந்து இருக்கும். வைக்கோல் போரும் அப்படித்தான். பிரித்துப் போட்டு, கிளறி, சோப்புத் தண்ணீரைக் கலந்தால்தான் அடங்கும், மேலே ஊற்றி ஆவதில்லை. கருகிய இடத்தின் ஓரத்தில், உள்ளே ஒன்றிரண்டு மீட்டர் வரை, புறங்கையைத் தரையருகே வைத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். சுடுகிற இடத்தைக் குச்சியால் கிளறி ஒரு டம்ளர் தண்ணீர், மறுபடி கிளறி இன்னொரு டம்ளர். இதை முடிக்காமல் வீட்டுக்குப் போனால், கடற்காற்று ஏறும் நேரத்தில் வடக்கு ஓரத்தில் ஒரு சாணத் துண்டு மறுபடி பற்றியிருக்கும், தெளிப்பான் காலியாகத் திண்ணையில் கிடக்கும்.